ஸ்பொஞ்சு அன்ட்டியின் மீன் தொட்டி

வாடகை கொடுத்துக் குடியிருக்கும் மனிதர்களைவிட ஓர் அழுக்கு ஸ்பொஞ்சுக்கு அதிக மரியாதை கொடுத்த வீட்டுக்காரி பதுளை டவுனில் ஒருவர்தான் இருந்தார். அவரிடம்தான் நான் மாட்டினேன்.

நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்ததும், பெண்கள் மட்டும் தங்கும் அந்த போர்டிங்கில் சேர்ந்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல பைபிள் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்பொஞ்சு அன்ட்டி என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

ஹோலில் கட்டில் அளவுக்கு ஒரு மீன் தொட்டி. அதன் வடிகட்டிக்குள் இருக்கும் ஸ்பொஞ்சைக் கழுவுவதுதான் அன்ட்டியின் வழிபாடு. அதுவும் எப்போது? நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போக பிரஷ்ஷும் கையுமாக நிற்கும் காலை நேரத்தில், வீட்டிலிருந்த ஒரே பாத்ரூமில். தொட்டித் தண்ணீரை ஒரு பேசினில் எடுத்து, அதில் ஸ்பொஞ்சை மெதுவாகப் பிழிவார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கூட அவ்வளவு நேரம் எடுக்க மாட்டார். குழாயைத் திறந்து சட்டென்று கழுவினால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, ஸ்பொஞ்சில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் செத்துப்போகும், அப்புறம் மீனின் கழிவை யார் தின்பது, நீயா என்று கேட்டார். வேலைக்குப் பிந்திப் போய் முதலாளியிடம் இந்தக் காரணத்தை அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஸ்பொஞ்சு கிழிந்து புதிது வாங்கினாலும் பழையதை உடனே எறிய மாட்டார். இரண்டும் சில வாரம் ஒட்டி இருந்து, பழையதில் உள்ள கிருமிகள் புதியதில் குடியேற வேண்டுமாம். இருக்கட்டும். அதே சட்டத்தை எங்களுக்கும் வைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சேர்ந்தபோது, கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, புதுப் பிள்ளைக்கு வீடு பழகட்டும் என்று ஒரு மாதம் நிறுத்திவைத்தார். ஒற்றைக் கட்டிலில் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தோம்.

பிறகு என் அறைக்கு வந்த ரஜனி, நல்ல மனசோடு, ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தூள் போட்டுத் துவைத்து, நன்றாக அலசி, புத்தம்புதிதுபோல் வைத்தாள். தொட்டித் தண்ணீர் பால்போல் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்ட்டி திட்டவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினார். சமையல் நின்றது. மீன் தேறும்வரை எங்களுக்கு மூன்று வேளையும் பேக்கரிப் பாணும் சம்பலும். நோய் மீனுக்கு, பத்தியம் எங்களுக்கு.

அப்புறம்தான் அந்த மழை வந்தது. விடாமல் கொட்டியதில் கரண்ட் போனது, போனில் சிக்னலும் போனது. லுணுகலைப் பாதையில் மண் சரிந்துவிட்டதாகக் கடைவீதியில் சொன்னார்கள். என் அப்பா, அம்மா, தம்பி மூவரும் மலைச் சரிவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லய வீட்டில். விடிந்ததும், நடந்தே போவதென்று பையைத் தூக்கினேன். அன்ட்டி கதவை மறித்துக்கொண்டு என் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார். காலடியில் பேசின். அதில் தொட்டித் தண்ணீர், நடுவில் ஸ்பொஞ்சு.

"கரண்ட் இல்லாம வடிகட்டி நின்னுருச்சு புள்ள. தண்ணி ஓடலைன்னா இதுல உள்ளது எல்லாம் செத்துரும். மோந்து மோந்து ஊத்திக்கிட்டே இரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்கம்மா அப்பா என்ன ஆனாங்கன்னே தெரியல. ஒங்களுக்கு ஸ்பொஞ்சு பெருசாப் போச்சா?"

"பெருசுதான். ஊத்து."

அழுதுகொண்டே ஊற்றினேன். அன்ட்டி எதிரில் உட்கார்ந்து, லயம் எந்தப் பக்கம், தோட்டத்துப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறதா, தம்பி என்ன படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தினால் கோப்பையைக் காட்டினார். நடுவில் குடையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், லுணுகலையிலிருந்து யாராவது வந்தார்களா என்று விசாரித்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்தார். ஒருவரும் வந்திருக்கவில்லை. மறுநாளும் அதே பேசின், அதே கோப்பை. சாயங்காலம் ரஜனியின் போனுக்கு சிக்னல் வந்து, அதில் அழைத்ததும் என் அப்பாவின் குரல் கேட்டது. லயத்தின் பின்சுவர் போய்விட்டதாம். அதற்கு முன்பே மூவரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்களாம்.

கரண்ட் வந்தபிறகு, வடிகட்டியை மாட்ட உதவலாமென்று தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்தேன். உள்ளே பெட்டரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்பு இருந்தது. கரண்ட் போனால் போடுவதற்கென்றே விற்பது. சுவிட்சைத் தட்டினேன், ஓடியது. ஸ்பொஞ்சைத் தொட்டிக்குள் போட்டு இதை ஓடவிட்டிருந்தால் போதும்.

"அன்ட்டி, இது நல்லாத்தானே இருக்கு? எதுக்கு என்னைய ரெண்டு நாளா ஊத்த விட்டீங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்ப ஞாபகம் வரல புள்ள."

ஞாபகம் வரவில்லையாம். யாரிடம் கதை விடுகிறார்? எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இப்போது ஹாலிஎலவில் தனியாக வீடு எடுத்து இருக்கிறேன். லீவு நாளில் பஸ் ஏறிப் போய், அவர் தரும் தேத்தண்ணியை வாங்கும்போதெல்லாம் கண் கலங்குகிறதே, அதுவும் அந்த ஆத்திரத்தில்தான்.