செவ்வந்தி குத்திய ஏழு ஓட்டை

ஒரு காட்டில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பாம்பு போகவில்லை. முட்டைகள் காணாமல் போய்க்கொண்டேதான் இருந்தன. அதனால் பாம்பு ஏறினால் அடிக்கிற மணி ஒன்று செய்து, மரத்துக்கு மரம் மாட்டுவது என்று முடிவாயிற்று.

மணிக்குள் வைக்கிற சர்க்யூட் பலகையைக் கம்ப்யூட்டரில் வரைய ஆள் வேண்டுமே. இலையின் இரண்டு பக்கமும் நூல் ஓட்டித் தைக்கிறவள் என்று தையல்சிட்டு செவ்வந்தியை உட்கார வைத்தார்கள். அவள் கூட்டிலும் மூன்று முட்டை இருந்தது. அதை நினைத்துக்கொண்டே வரைந்தாள்.

பலகையின் மேல் பக்கம் ஓடும் கோடு சிவப்பு, கீழ்ப் பக்கம் ஓடும் கோடு நீலம். இரண்டும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் சேர்ந்துவிட்ட மாதிரிதான் தெரியும். சேராது. நடுவில் பலகை இருக்கிறதே! அந்த இடத்தில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே செம்பு பூசினால்தான் மின்சாரம் மேலிருந்து கீழே இறங்கும். செவ்வந்தி ஏழு இடத்தில் ஓட்டை வைத்தாள்.

மேலாளர் யானை வேழமுத்து வந்து திரையைப் பார்த்தார்.

“என்னம்மா இது, அம்மை வார்த்த மாதிரி ஓட்டை ஓட்டையா?”

“அது... மேலேயும் கீழேயும் சேர்றதுக்குங்க ஐயா.”

“அதான் சேர்ந்து இருக்கே! எனக்கென்ன கண்ணு இல்லையா? எடு எல்லாத்தையும்.”

எடுத்தாள். உடனே ஏழு இடத்திலும் மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு முளைத்தது. இன்னும் சேரவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும் விதம் அது.

“இது என்ன ஒட்டடை?”

சொன்னாள். பாதி வாய்க்குள்ளேயே போயிற்று.

“அதை மறைக்க ஒரு பொத்தான் இருக்குமே?”

இருந்தது. அமுக்கினாள். திரை துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று.

“வேலைன்னா இது!” என்றார் யானை.

இருபத்தொரு பலகை செய்து வந்தது. செவ்வந்தி தன் மரத்துப் பலகையை மட்டும் கூட்டுக்கு எடுத்துப் போனாள். முள்ளம்பன்றியிடம் இரவல் முள் வாங்கி ஏழு ஓட்டை குத்தி, செம்புக் கம்பி கோத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மணி மாட்டிய மறுநாள் மத்தியானம், சாரைப்பாம்பு நீலமேகம் வரிசையாக இருபது மரம் ஏறி இறங்கியது. நல்ல அமைதி. இருபத்தோராவது மரத்தில் தலையை வைத்ததும் மணி அலறியது பாருங்கள், பாம்பு பொத்தென்று விழுந்தது.

சாயங்காலமே விசாரணை.

“இடுப்பு பிசகிடுச்சுங்க” என்றது பாம்பு. எது இடுப்பு என்று யாரும் கேட்கவில்லை.

“உன் மணி மட்டும் ஏம்மா கத்துது?” என்றார் யானை.

“பாம்பு ஏறுச்சுங்க ஐயா.”

“மத்த இருபது மரத்துலயும்தான் ஏறுச்சு. ஒரு மணி வாயைத் திறந்துச்சா?”

“அதானே! எங்க வீட்டு மணி தங்கமான மணி” என்றது, அன்றைக்குத்தான் நாலு முட்டையைப் பறிகொடுத்த காகம்.

செவ்வந்தியின் மணியைப் பிரித்துப் பலகையைப் பார்த்தார்கள். ஏழு ஓட்டையும் அகப்பட்டது. ‘பழுது’ என்று சீட்டு ஒட்டி, “இந்தக் குப்பையை நீயே எடுத்துட்டுப் போ” என்று அவள் தலையிலேயே கட்டினார்கள்.

“சரிங்க ஐயா” என்று வாங்கிக்கொண்டு போனவள், மணியைப் பழைய இடத்திலேயே இலையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

மூன்று முட்டையும் பொரிந்தன.

நீதி: இருபது மணி சும்மா இருக்கும்போது ஒரு மணி மட்டும் அடித்தால், பழுது அந்த ஒன்றில்தான். ஆகவே கடைக்குப் போனால் பழுதானதையே கேட்டு வாங்குங்கள்.