ஹாரு-தா கடையின் தலைமை பேட்ரன்

நேத்து எனக்கு வீட்டுல கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. சந்தேஷ் இனிப்பு ஒரு டஜன் வாங்கிட்டு வரணும்.

என் மனைவியோட அத்தையும் மாமாவும் சென்னையிலேர்ந்து நேத்து சாயங்காலம் வர்றதா இருந்தது. நாலு நாள் தங்கறாங்க. "இந்தத் தடவையாவது அந்தப் புதுக் கடையில வாங்குங்க. உங்க ஹாரு-தா கடை டப்பாவைப் பார்த்தாலே எண்ணெய் வழியுது"ன்னு மனைவி சொல்லிட்டா.

ஹாரு-தா யாருன்னு சொல்லணும். இந்த ஊர் பெங்காலில 'தாதா'ன்னா அண்ணன், சுருக்கினா 'தா'. லேக் கார்டன்ஸ்ல எங்க தெருமுனையில இனிப்புக் கடை வெச்சிருக்கறவர். பதினெட்டு வருஷமா காலையில அவர் கடை கச்சோரி, சாயங்காலம் அவர் கடை சந்தேஷ். நான் ரெண்டு நாள் கண்ணுல படலேன்னா வீட்டுக்கே வந்து உடம்புக்கு என்னன்னு விசாரிப்பார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நான் துரோகம் பண்ணணும்.

புதுக் கடை அவர் கடையைத் தாண்டி நாலாவது கட்டடம். அதனால பின் தெரு வழியா சுத்தி, குடையால முகத்தை மறைச்சுக்கிட்டுப் போனேன். மழையே இல்லை.

டப்பா மேல தங்க எழுத்துல கடை பேரு. என் தங்கை கல்யாணத்துல கொடுத்த மஞ்சப்பைக்குள்ள அதை ஒளிச்சேன்.

திரும்பறப்போ பின் தெருவை மூங்கில் லாரி அடைச்சு நிக்குது. நேர் வழியா வர வேண்டியதாப் போச்சு.

ஹாரு-தா கடை வாசல்ல ஷாமியானா, நாற்காலி, மைக். கடைக்கு ஐம்பதாவது வருஷமாம். காலையிலேயே என்கிட்ட சொன்னாராம். நான் கச்சோரியில கவனமா இருந்திருக்கேன்.

என்னைப் பார்த்ததும் மைக்லயே கூப்பிட்டார். மேடையில உட்கார வெச்சு, சட்டையில ஒரு ரிப்பன் ரோஜாவைக் குத்தினார். அதுல 'சீஃப் பேட்ரன்'னு, அதாவது தலைமைப் புரவலர்னு, எழுதியிருந்தது. தோள்ல உத்தரியம் போட்டார். பதினெட்டு வருஷமா வேற கடை வாசப்படியை மிதிக்காத மனுஷன்னு மைக்ல சொன்னார். நான் மஞ்சப்பையை மடியில இறுக்கிக்கிட்டேன்.

நம்ம ஊர்ப் பழக்கம் லேசுல விடுமா? விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாது. மரியாதை பண்ணினவருக்குப் பதில் மரியாதை பண்ணணும். ரெண்டு கையும் தானா மஞ்சப்பையை அவர்கிட்ட நீட்டிடுச்சு.

நீட்டின அப்புறம்தான் உள்ளே என்ன இருக்குன்னு ஞாபகம் வந்தது.

ஹாரு-தா டப்பாவை வெளியே எடுத்தார். தங்க எழுத்து வெயில்ல நல்லா மின்னிச்சு. கூட்டமே எட்டிப் பார்த்துச்சு.

விருந்தாளி வர்றாங்க, மனைவி சொன்னா, நான் அப்பாவின்னு எனக்குத் தெரிஞ்ச பெங்காலி அத்தனையும் கொட்டினேன். ரொம்ப அவமானமா இருந்தது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

அவர் திட்டலை. உள்ளே போய்த் தன் சந்தேஷ் ஒரு டஜனைக் கட்டி, ரெண்டு டப்பாவையும் என் பையில போட்டார்.

"ரெண்டையும் விருந்தாளிங்களுக்கு எடுத்து வெய்யுங்க தாதா. எது முதல்ல தீர்ந்ததுன்னு காலையில வந்து சொல்லுங்க. எனக்காகப் பொய் மட்டும் சொல்லாதீங்க."

வீட்டு மாடிப்படியில உட்கார்ந்து யோசிச்சேன். அத்தை தங்க எழுத்தைப் பார்த்தா இன்னொரு டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. பொய்யும் சொல்லக்கூடாது. ஹாரு-தா முகமும் வாடக்கூடாது.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஹாரு-தா டப்பாவைப் பிரிச்சேன்.

அஞ்சு வரைக்கும் சுகமாத்தான் இருந்தது. எட்டாவதுல மூச்சு முட்டிச்சு. பன்னிரண்டாவதை முழுங்கறப்போ கதவைத் திறந்துகிட்டு மனைவி வந்து நிக்கறா.

"ஒரு டப்பா வாங்க ரெண்டு மணி நேரமா? சட்டையில என்ன ரோஜா?"

பதில் சொல்ல வாயில இடமில்லை.

இன்னிக்குக் காலையில கடைக்குப் போனேன். "ஹாரு-தா, சத்தியமா உங்க டப்பாதான் முதல்ல தீர்ந்தது. இன்னொண்ணைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே காலி"ன்னேன்.

அவருக்குக் கண் கலங்கிடுச்சு. விருந்தாளிங்க இன்னும் எத்தனை நாள் இருப்பாங்கன்னு கேட்டார். அதுக்கும் உண்மையைச் சொன்னேன், இன்னும் மூணு நாள்னு.

இன்னும் மூணு டஜன் கட்டிட்டார்.