மஞ்சள் காரும் இரண்டாவது ஷிஃப்டும்

வெள்ளிக்கிழமைக்குள் அந்த மஞ்சள் காரை விற்றே தீருவது என்று தீர்மானம் போட்டேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பே இல்லை. என் மனைவி எல்விரா அப்போது அறையில் இல்லை.

இத்தாலியில் மோதெனா பக்கம் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் பந்தயக் கார் மாதிரி உறுமும் கார்களைச் செய்கிறோம். வருஷத்துக்கு அறுநூறு. அதற்கு மேல் ஒன்று கூடாது என்பது முதலாளியின் வேதம். புதுக் காருக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத பணக்காரன் பழைய காரைப் புதுக் காரைவிட அதிக விலை கொடுத்து வாங்குவான். பணம் இருக்கிற இடத்தில் புத்தி எதற்கு?

நான் தொழிற்சங்கச் செயலாளர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரை. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரம். முப்பத்தோரு வருஷமாக ஒரே கோரிக்கையைத்தான் எழுதினேன்: ‘உற்பத்தியைப் பெருக்கு, ஆளை எடு!’ இந்தக் காலத்து இளந்தோழர்கள் அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள். போகட்டும். வரலாறு என்னை அறியும்.

போன திங்கட்கிழமை நிர்வாகம் இறங்கி வந்தது. உற்பத்தி இரட்டிப்பு. முந்நூறு நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சங்கம் இரண்டாவது ஷிஃப்டுக்குச் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் புது வேலை மொத்தமும் வேறு ஊருக்குப் போய்விடும். ஆறு வருஷமாகத் தற்காலிகமாக உழைக்கும் என் மகள் நீவெஸ், பட்டியலில் பதினேழாவது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காப்பிக் கடைக்குப் போனேன். பழைய கார் விற்கும் பெல்லோதி கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“வாழ்த்துகள் ஓரெஸ்தே! ஒரே அடியில மகளுக்கு வேலையும் வாங்கிட்ட, வீட்டுல நிக்கிற காரையும் கவுத்துட்ட.”

“என்னய்யா உளர்ற?”

“வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு கார் வந்தா எவன் காத்திருப்பான்? எவனும் காத்திருக்கலன்னா பழசை எவன் தொடுவான்? நீங்க கை தூக்கின மறுநாளே பாதி விலை.”

காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்தக் கார் எல்விராவின் மாமாவுடையது. தொழிற்சாலையில் கார்களை ஓட்டிச் சோதித்தவர். ஓய்வு பெற்ற அன்று முதலாளி பரிசாகக் கொடுத்தார். ஏழு வருஷத்துக்கு முன் மாமா இறந்து, கார் எல்விராவுக்கு வந்தது. வந்த அன்றே ஐம்பது தோழர்கள் முன்னால் சபதம் செய்தேன்: “பணக்காரனின் இந்தப் பொம்மைமேல் கிடக்கும் உறையை என் கை ஒருநாளும் தூக்காது!” தூக்கவும் இல்லை. ஆனால் கொள்கை வேறு, முதுமை வேறு. அந்த உறையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏழு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

வீட்டில் எல்விரா மாவுக்குள் கறிப் பூரணம் வைத்து டோர்ட்டெல்லினி மடித்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் தோல் இருக்கை தைப்பதும் அதே விரல்கள்தான்.

“எல்விரா, தொழிலாளி வீட்டுல முதலாளி வண்டி நிக்கிறது அவமானம். உடனே வித்துடணும்.”

“ஏழு வருஷமா வராத அவமானம் இன்னிக்கு எந்த பஸ்ல வந்து இறங்குச்சு?”

“கொள்கை முத்திப்போச்சு.”

“முத்தினா விதைக்கு விடு. கூட்டம் முடியட்டும், பாத்துக்கலாம்.”

“கூட்டத்துக்கு முன்னாடியே விக்கணும்!”

“ஏன்?”

“அது... மழை வரும்.”

“அதுக்கு மேல கூரை இருக்கு ஓரெஸ்தே.”

“கையெழுத்து மட்டும் போடேன். கார் உன் பேர்லதான இருக்கு?”

“மாவுக் கையோட எந்தக் காகிதத்தையும் தொடமாட்டேன்.”

வெள்ளிக்கிழமை வரை அவள் கையை விட்டு மாவு போகவே இல்லை. எனக்கு ஒரே வழிதான் மிச்சம்.

கூட்டத்தில் எழுந்தேன். “தோழர்களே! அவசரம் கூடாது. இன்னும் ஒரு வாரம் ஆராய்வோம்.”

ஆராய்வோம்! நிர்வாகத்தின் வாயில் மட்டும் நான் கேட்டிருந்த சொல். மூன்றாம் வரிசையில் நீவெஸ் எழுந்தாள்.

“முடிவு சொல்ல இன்னிக்குத்தான்பா கடைசி நாள். இதுல ஆராய என்ன இருக்கு?”

எழுதவே கூசுகிறது. நான் விட்டத்தைப் பார்த்தேன்.

தோல் பிரிவு வரிசையிலிருந்து எல்விரா மேடைக்கு வந்தாள். தண்ணீர் கொடுப்பதுபோலக் குனிந்து காதில் சொன்னாள்:

“மேல என்ன பாக்குற? கார் இல்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடியே வித்தாச்சு. நல்ல உச்ச விலைக்கு. இப்பக் கையைத் தூக்கு.”

நான் தூக்கவில்லை. கை தானாகவே போயிற்று. “தோழர்களே! ஆராய்ந்துவிட்டேன்!” என்று கத்தினேன். கூடம் முழுக்கக் கைகள். நீவெஸ் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் சபதத்தை உடைத்து உறையைத் தூக்கினேன். கட்சித் திருவிழாவின் மடக்கு மேசைகள், அச்சு அசலாகக் கார் போலவே அடுக்கியிருந்தன. முன்விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பூசணிக்காய்.

“அழுகிடுமேன்னு அப்பப்ப மாத்துவேன்,” என்றாள்.

“விலை இறங்கும்னு நாலு வருஷம் முன்னாடியே உனக்கு எப்படித் தெரியும்? செயலாளர் எனக்கே தெரியலயே!”

“நீ பிரசுரம் எழுதிட்டிருந்த. எங்க பிரிவுல ரெண்டு பேர் நாடாவோட வந்து, புதுசா எட்டு தையல் மெஷினுக்கு இடம் அளந்தாங்க. அறுநூறு காருக்கு இருக்கிற மெஷினே பாதி நேரம் தூங்குது. எட்டு எதுக்கு? அந்த வாரமே ஒரு பல் டாக்டருக்கு வித்துட்டேன்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா ‘பரம ரகசியம்’னு தலைப்புப் போட்டு நாலு பக்கம் அச்சடிச்சிருப்ப.”

உண்மைதான். வயிறு குலுங்கச் சிரித்தேன். மகளுக்கு வேலை, கார் விலையிலும் நஷ்டமில்லை. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு முழு வெற்றி கண்டதில்லை.

“சரி, அந்தப் பணம் எங்க?”

“வீடு வாங்கினேன்.”

“எந்த வீடு?”

“நாம குடியிருக்கிற இதேதான். சொந்தக்காரர் ஊரை விட்டுப் போனப்ப பேசி முடிச்சேன். வாடகை கட்டுறது எப்பவும் நான்தானே, உனக்கு எங்க தெரியப்போகுது?”

நாலு வருஷமாக இந்த வீட்டு முதலாளியை ‘ரத்தம் குடிக்கும் அட்டை’ என்று வர்ணித்து மாடிப்படிச் சுவரில் நான் ஒட்டிய சுவரொட்டிகள் கண்முன் வந்துபோயின. மெதுவாகத் தொண்டையைச் செருமினேன்.

“அப்படின்னா... குளியலறைக் குழாய் ஒழுகுதே, எல்விரா...”

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கோரிக்கை ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்க, தோழர். பரிசீலிக்கிறேன்.”