எனக்கு நிறம் தெரியாத நாட்கள்

ஒரு சனிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, இனிமேல் எனக்கு நிறம் தெரியாது என்று தீர்மானித்தேன்.

பயப்பட வேண்டாம். என் கண்கள் நன்றாகவே இருக்கின்றன. மனைவி பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதற்காகச் சில கணவர்கள் காய்ச்சல் என்று படுத்துக்கொள்கிறார்கள். நான் பட்டதாரி. கொஞ்சம் யோசித்துச் செய்தேன்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் நான். அங்கே தும்மினால் ஐந்து வீட்டிலிருந்து குரல் வரும். இப்போது கண்டியில் ஒரு கந்தோரில் மேசை வேலை, குண்டசாலையில் வாடகை வீடு. இங்கே தும்மினால் எதிரொலி மட்டும்தான் வரும். மனைவி பாலாம்பிகை ஆசிரியை. வாரமெல்லாம் திகனவில் பள்ளிக்கூடம். சனிக்கிழமை டியூஷன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி.

அதனால்தான் நீர்வண்ண ஓவியம் தொடங்கினேன். ஞாயிறு காலையில் ஸ்கூட்டரில் கண்டி வாவிக்குப் போய் வரைவதாக அறிவித்தேன். "நானும் வரவா?" என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"நல்லது. மெதுவா வாங்க" என்றாள்.

நானே கூப்பிட்டிருக்கலாம். முடியாது என்றுவிட்டால்? பரீட்சை எழுதியே வளர்ந்தவன் நான். பெறுபேறு பார்க்க மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.

நீர்வண்ணத்தில் வெள்ளை பூசுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். வாவிக்கரை பெஞ்சை வரையும்போதெல்லாம், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெள்ளை விட்டேன். ஒரு நாள் பாலா பார்த்தாள்.

"மலை நல்லாயிருக்கு. பெஞ்சில என்ன ஓட்டை?"

"அது... வெளிச்சம்."

"ஒரு பெஞ்சுக்கு மட்டும் வெயிலா?"

அதற்குப் பிறகுதான் அந்தத் தீர்மானம். மறுநாள் வாவியை ஊதாவாகவும் ஹந்தானை மலையைச் செங்கல் நிறமாகவும் வரைந்து, அவள் முன்னால் வைத்துப் பெருமூச்சு விட்டேன்.

"என்னங்க இது? மலை தீப்பிடிச்சிருச்சா?"

"பச்சையாத்தானே இருக்கு?"

"எது?"

"மலை."

அவள் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளா பச்சையும் சிவப்பும் குழம்புது பாலா. யாராவது பக்கத்துல உட்கார்ந்து, இது இன்ன நிறம்னு சொன்னா..."

"ஐயோ பாவம்! இருங்க."

என் நெஞ்சு நிறைந்தது. அவள் உள்ளே போய், முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு ஒட்டும் லேபல்களோடு திரும்பினாள். என் வண்ணப் பெட்டியில் ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். பச்சை. நீலம். சிவப்பு. பச்சைக்கு ஓர் இலைப் படமும் போட்டாள்.

"இனி உங்களுக்கு ஒருத்தரும் தேவையில்ல."

"ஆனா, மலை என்ன நிறத்துல இருக்குன்னு..."

"மலைன்னா பச்சை. தண்ணின்னா நீலம். என் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் போடுதுங்க."

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மேசையில் கிடந்த ஸ்கூட்டர் சாவி அவள் கண்ணில் பட்டது.

"அப்ப ரோட்டுச் சந்தியில கலர் லைட்டுக்கு எப்படி நிக்கிறீங்க?"

இதை நான் யோசிக்கவில்லை.

"முன்னால போறவங்களைப் பார்த்து..."

"அவங்களுக்கும் குழம்பிச்சுன்னா?"

சாவி அவளுடைய கைப்பைக்குள் போனது.

ஸ்கூட்டர் பழக வேண்டும் என்று அவள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மலைப் பாதை, வளைவு, பஸ்காரர்கள் என்று ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டவன் நான். இப்போது தள்ளிப்போட வழியில்லை. கூடப் படிப்பிக்கும் றிஸானா டீச்சர் மாலையில் மைதானத்தில் பழக்கினார். முன்பு வீட்டில் பாலாவின் தொலைபேசிக் குரலாவது கேட்கும். இப்போது அதுவும் இல்லை. நான் பஸ்ஸில் வந்து, தேநீர் ஊற்றி, லேபல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மஹ்மூத் நானா வேலியோரம் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கண்ணுக்குச் சுகமில்லையாமே? டீச்சர் சொன்னாங்க. இந்த வாழை என்ன நிறம், சொல்லுங்க பாப்பம்?"

"இலையா நானா, பூவா?"

"பாருங்களே! எது இலை எது பூன்னும் தெரியல்ல!"

அன்று இரவு நானா வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சி வந்தது, சுண்டலும் வந்தது. ஒரே ஒரு பொய்க்கு இவ்வளவு அன்பு. குற்ற உணர்ச்சியில் எதுவும் இறங்கவில்லை.

கடைசியில் லைசன்ஸ் வந்தது. அந்த ஞாயிறு பாலா வாசலில் ஹோர்ன் அடித்தாள்.

"ஏறுங்க. வாவிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

என் காதையே நான் நம்பவில்லை. அவள் தந்த சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்ணப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் ஏறினேன். திட்டம் சுற்றி வளைத்தாவது பலித்துவிட்டதே!

நகரத்துக்குள் கலர் லைட் சிவப்பானது. வண்டி வேகம் குறையவில்லை. குறுக்கே ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்தது.

"என்னங்க, பச்சைதானே?"

"சிவப்பு! சிவப்பு பாலா! நில்லு!"

ஸ்கூட்டர் கோட்டுக்கு முன்னால் பூப்போல நின்றது. அவள் கை முதலிலிருந்தே பிரேக்கில்தான் இருந்திருக்கிறது. பக்கத்து முச்சக்கரவண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சுகமாயிருச்சா?" என்றாள் திரும்பாமலே.

"உனக்கு... எப்ப தெரியும்?"

"ஊதா வாவி கொண்டுவந்தீங்களே, அன்னைக்கே. அன்னைக்குக் காலைல கொடியில கிடந்த சேலைகள்ல பச்சையைப் பார்த்து எடுத்துத் தந்தது யாரு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"லைசன்ஸ் வரட்டும்னு இருந்தேன்."

வாவிக்கரையில் இறங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெஞ்சின் வெள்ளையையும் சொன்னேன்.

"வான்னு ஒரு சொல்லு. கேட்டிருந்தா வந்திருப்பேனே."

"இப்ப கேக்கிறேன். வா பாலா."

"இன்னைக்கு றிஸானா வீட்டுல சாப்பாடுங்க. இப்பதான் எனக்கு ஸ்கூட்டர் இருக்கே. பின்னேரம் வந்து ஏத்திக்கிறேன்."

போய்விட்டாள். வளைவில் அழகாகச் சிக்னல் போட்டுத் திரும்பினாள்.

ஹெல்மெட் இன்னும் என் தலையில் இருந்தது. கழற்றி, பெஞ்சில் பக்கத்தில் வைத்தேன். மலை, தண்ணீர், பெஞ்சு எல்லாம் வரைந்தேன். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில், வேறு வழியில்லாமல், ஹெல்மெட்டை வரைந்தேன்.

பின்னேரம் அவள் வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே," என்றாள். "லேபல் பார்க்காமலே ஹெல்மெட்டுக்குச் சரியான நிறம் போட்டிருக்கீங்களே!"