மூன்று கால் சூரப்பனும் நான்கு தடங்களும்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று இருந்ததாகச் சொன்னார்கள். கண்டவர் யாருமில்லை. அதன் முத்திரையைத்தான் எல்லோரும் கண்டார்கள், அதுவும் பெரும்பாலும் கிழங்கு வரி நோட்டீசில்.

அந்தக் காட்டில் சூரப்பன் என்றொரு காட்டுப்பன்றி வாழ்ந்தது. சாதாரணப் பன்றி அல்ல. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், காலில்லாத, கண்ணில்லாத பிராணிகளுக்கு வரித் தள்ளுபடி வேண்டும் என்று வரி அலுவலக வாசலில் நாற்பத்தொரு நாள் உட்கார்ந்து சட்டம் வாங்கிய பன்றி. அப்போது சூரப்பனுக்கு நான்கு கால்களும் நன்றாக இருந்தன. கேட்டது பிறருக்காக. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

சட்டத்தைப் பாறையில் செதுக்கினார்கள். முதலில் 'ஊனமுற்ற பிராணிகள்' என்று இருந்தது. பிறகு அதை அழித்து 'மாற்றுத்திறன் பிராணிகள்' என்று மரியாதையாகச் செதுக்கினார்கள். பெயரில் மரியாதை கூடியது. வாசலில் வரிசை அப்படியே இருந்தது.

சென்ற பங்குனியில் வேட்டைக்காரன் வைத்த சுருக்குக் கம்பியில் சூரப்பனின் வலது முன்னங்கால் போயிற்று. மூன்று காலால் தோண்டினால் பாதிக் கிழங்குதான் வரும். வரியோ முழுதாக வந்தது. ஆடி அமாவாசைக்குள் கட்டாவிட்டால் ஓடைக்கரைக் கிழங்கு நிலம் ஜப்தி என்று நோட்டீஸ் சொன்னது. அந்த நிலத்தை விட்டால் சூரப்பனுக்கு மழைக்காலத்தில் தின்ன வேறெதுவும் இல்லை.

"நான் வாங்கிய சட்டம் எனக்கே உதவாதா?" என்று சொல்லிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே எழுத்தராக இருந்தது ஒரு தேவாங்கு. பெரிய கண்கள், மெதுவான கைகள். அரசு வேலைக்கென்றே பிறந்த பிராணி. அந்தக் காட்டில் கையெழுத்து என்பது கிடையாது. ஈரக் களிமண் பலகையில் நான்கு கால்களையும் பதிக்க வேண்டும். காய்ந்தால் அதுதான் மனு.

தேவாங்கு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"மூணு தடம்தானே இருக்கு, தலைவரே. இது முழுமையடையாத மனு."

"நாலாவது கால் இருந்தா நான் ஏன்யா இங்க வர்றேன்?"

"அதை ஆறாவது பத்தியில எழுதுங்க. பத்தி வேற, தடம் வேற."

"என்னைப் பாரு. கால் இருக்கா?"

"நான் பலகையைத்தான் பார்க்கணும், தலைவரே. பிராணியைப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்ல."

சூரப்பன் வெளியே வந்து மருத மரத்தடியில் நின்றான். அங்கே சடைச்சி என்ற முள்ளம்பன்றி பிறருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்துவந்தாள். கதையைக் கேட்டாள். முட்கள் குலுங்கச் சிரித்தாள்.

"ஏண்ணே, நாற்பத்தொரு நாள் உட்கார்ந்தீங்களே, ஒரு நாளாவது அந்த மனுவைப் புரட்டிப் பார்த்தீங்களா?"

"நான் கோரிக்கை வைக்கிறவன். மனு நிரப்புறவன் இல்ல."

"அதான் அவங்க இன்னும் வேலையில இருக்காங்க. பலகையைக் கொடுங்க."

காலியாக இருந்த மூலையில் சடைச்சி தன் முன்னங்காலை அழுத்தி எடுத்தாள். மறுநாள் தேவாங்கு நான்கு தடங்களையும் எண்ணியது. ஒருமுறை அல்ல, மூன்று முறை.

"இப்ப முழுமையா இருக்கு," என்றது. சூரப்பன் மூச்சு விட்டான். "அதனால தள்ளுபடி கிடையாது. நாலு கால் இருக்கிறதா பலகையே சொல்லுதே."

சூரப்பனுக்குக் கோரைப்பல் துடித்தது. பழைய நாளாக இருந்தால் மேசை கவிழ்ந்திருக்கும். மூன்று காலில் மேசையைக் கவிழ்த்தால் கூடவே தானும் கவிழ வேண்டும் என்பதால் அடக்கிக்கொண்டான். அப்போது கூட வந்திருந்த சடைச்சி சுவரில் தொங்கிய பயனாளிகள் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து ஆண்டில் ஒரே ஒரு பெயர்.

"கருநாகம். நான்கு கால்களும் இல்லை. நூறு சதவீதம்," என்று உரக்க வாசித்தாள். "ஏங்க எழுத்தரே, நாகம் எந்தக் காலைப் பதிச்சுது?"

தேவாங்கு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "அது புத்தை விட்டு வராதும்மா. சொல்லியனுப்பிச்சு, நான்தான் பலகையைத் தூக்கிட்டுப் போனேன். பத்து முழம் தள்ளி நின்னு கேள்வியை வாசிச்சேன். சீறிச்சு. 'சரி'ன்னு எழுதிட்டு வந்துட்டேன். தடத்தை யாரு போய்க் கேக்கறது?"

திரும்பும் வழியில் சடைச்சி சொன்னாள்: "அண்ணே, நீங்க பாம்பாயிடுங்க."

சூரப்பன் நின்றுவிட்டான். "யாரைப் பார்த்துச் சொல்ற? சிங்கத்தோட படை வந்தப்பவும் நான் வயிறு தரையில பட உட்கார்ந்ததில்ல. இந்த அலுவலகத்துக்கு ஊர்ந்து வரணுமா? நிலம் போனா போகட்டும்!"

"உங்களை யாருண்ணே ஊரச் சொன்னா? அந்தப் பாம்பு ஊர்ந்தா போச்சு? அலுவலகம்ல அதுகிட்ட ஊர்ந்து போச்சு!"

சூரப்பன் யோசித்தான். நாற்பத்தொரு நாள் அவன் அலுவலகத்தின் வாசலில் கிடந்திருக்கிறான். அலுவலகம் ஒருநாள் தன் வாசலில் வந்து நிற்பது என்பது அவனுடைய எந்தத் துண்டறிக்கையிலும் இல்லாத கோரிக்கை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, காட்டின் மேற்கே இடிந்த புற்றொன்றில் புதிய கருநாகம் குடிவந்திருப்பதாகவும், ஓடைக்கரைக் கிழங்கு நிலம் இனி அதனுடையது, அதற்குத் தள்ளுபடி கேட்கிறது என்றும் சடைச்சி போய்ச் சொன்னாள். நண்பகலுக்குள் தேவாங்கு வந்துவிட்டது. அது அவ்வளவு வேகமாக நடந்ததை அந்தக் காடு அதற்குமுன் கண்டதில்லை. பத்து முழம் தள்ளி நின்று வாசித்தது:

"ம-மனுதாரருக்குக் கால்கள் உண்டா?"

புற்றுக்குப் பின்னால் புதருக்குள் இருந்த சூரப்பன், "ஸ்ஸ்ஸ்" என்றான்.

"இல்லை. சரி. அந்த இடுக்குல வெள்ளையா ஏதோ தெரியுதே?"

"பல்லு," என்றாள் சடைச்சி.

"அவ்வளவு பெரிசாவா?"

"விஷம் அதிகம்."

தேவாங்கு இன்னும் ஐந்து முழம் பின்னால் போனது. "கடைசிக் கேள்வி. மனு தாமதமானதற்குக் காரணம்?"

இருபத்தைந்து ஆண்டுக் கோபம் அந்த ஒரு கேள்வியில் வந்து முட்டியது. சீற மறந்து, சூரப்பன் பன்றிக் குரலிலேயே உறுமிவிட்டான். புற்றின் பாதி மண் சரிந்தது.

"கோபம் வந்துடுச்சு," என்றாள் சடைச்சி.

"ஐயா மன்னிக்கணும்! தாமதம் எங்களுடையது!" என்று தேவாங்கு முத்திரையைக் குத்தி, பலகையை வைத்துவிட்டு ஓடியது. கருநாகம், ஆண், நூறு சதவீதம். ஓடைக்கரை நிலத்துக்கு வரி நீங்கியது. அன்று மாலை சூரப்பன் தன் கிழங்கைத் தானே தின்றான். பாம்பின் பெயரில் தின்றாலும் ருசி குறையவில்லை.

மறுநாள் விடியும்போது அவன் வாசலில் ஒற்றைக் கண் மான், சிறகொடிந்த மயில், பின்கால் இழுக்கும் நரி என்று ஒரு கூட்டம் நின்றது.

"தலைவரே, எங்களுக்கும் சீறச் சொல்லிக்கொடுங்க."

முழக்கம் சொல்லிக்கொடுத்துப் பழகிய தொண்டை. சூரப்பன் மூன்றே நாளில் சொல்லிக்கொடுத்தான்.

கார்த்திகையில் அலுவலகம் கணக்கெடுத்தது. காட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு நாகங்கள் இருந்தன. நாகங்களைத் தவிர வேறு மாற்றுத்திறன் பிராணி ஒன்றுகூடப் பதிவேட்டில் இல்லை. சட்டம் முழு வெற்றி, கால், கண், சிறகு இழந்தோர் காட்டில் இனி எவருமில்லை என்று தேவாங்கு அறிக்கை எழுதியது. சட்டத்தின் வெள்ளி விழாவும் அந்த ஆண்டே வந்ததால், அதை வாங்கித் தந்த சூரப்பனுக்கு அலுவலக வாசலில் சிலை வைத்தார்கள்.

சிலைக்கு நான்கு கால்கள் இருந்தன. மூன்று காலில் சிலை நிற்காது என்றார்கள். அதைச் சொன்னபோது, கூட்டத்தின் முதல் வரிசையில் சூரப்பன் மூன்று காலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

நீதி: உங்களிடம் இல்லாத காலைக் காட்டி உரிமை கேட்காதீர்கள், உங்களிடம் இல்லாத விஷத்தைக் காட்டிக் கேளுங்கள்.