பிரைட்டன் கடற்கரையில் தணிகைவேல்

பெண் கேட்க வந்த சடையப்பன், காபியைக்கூடத் தொடாமல் கேட்டார்.

"பிரைட்டன்ல மணலு எப்டி கீது?"

பெண்ணின் அப்பா தணிகைவேல் காபி டம்ளரை இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் கண்காட்சி. அங்கே பட்டு நெய்துகாட்ட நெசவாளர் சங்கம் தணிகைவேலைத்தான் அனுப்பியது. உத்திரமேரூரே மேளம் வைத்து, மாலை போட்டு வழியனுப்பியது. விமானத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம் திங்கட்கிழமை ராகுகாலம். அது கழியட்டும் என்று சைதாப்பேட்டை லாட்ஜில் ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தார். விமானம் ராகுகாலம் பார்க்கவில்லை, போய்விட்டது.

போட்ட மாலை வாடுவதற்குள் எந்த முகத்தோடு திரும்புவது? பன்னிரண்டு நாள் லாட்ஜிலேயே கிடந்துவிட்டு வந்தார். ஊர் கதை கேட்டது. சங்கத்துக் கிளார்க் முன்பே படித்துச் சொன்ன பிரைட்டன் நோட்டீஸை வைத்து, கடலுக்குள் நீளும் பாலம், ராஜா கட்டிய குமிழ் அரண்மனை என்று அளந்தார். ஊர் போட்டோ கேட்டது. கழுவக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மறுபடி சைதாப்பேட்டைக்கு ஓடினார். அங்கே ஒரு ஸ்டூடியோவில் கடல், பாலம், குடை பிடித்த துரைசாணி எல்லாம் வரைந்த பழைய திரை இருந்தது. அதன் முன்னால் வாடகைக் கோட்டில் நின்றார்.

அந்தப் போட்டோவின் புகழ் சடையப்பனின் ஊரான ராஜகுளம்வரை போனதுதான் வினை. அவர் அந்தக் காலத்தில் கப்பலில் போய், பிரைட்டனிலேயே மூன்று மாதம் இருந்தவர் என்று பேர். அவர் மகனுக்குத்தான் தணிகைவேலின் மகள் மலர்க்கொடியைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பொய் பேசற வூட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். சொல்லுங்க, மணலு?"

"நம்ம மகாபலிபுரம் மாதிரிதாங்க. பொடி மணலு."

சொன்ன பிறகுதான் நோட்டீஸ் ஞாபகம் வந்தது. அந்தக் கரை முழுக்கக் கூழாங்கல். பெண்ணின் கல்யாணத்தைத் தன் வாயே கெடுத்துவிட்டதே என்று நொந்துகொண்டார்.

சடையப்பன் தலையாட்டினார். "ஆமாமா. கால் பொதையும்."

நோட்டீஸ்தான் தப்போ என்று தணிகைவேல் குழம்பினார்.

"போட்டோவ எடுங்க, பாக்கலாம்."

"அது பிரேம் போட குடுத்துக்கீதுங்க."

"இங்கதான கீது நைனா," என்று மலர்க்கொடி உள்ளேயிருந்து கொண்டுவந்து நீட்டினாள்.

சடையப்பன் பார்த்தார். முகம் வெளுத்தது. தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆவணியில தேதி வெச்சிக்கலாம்," என்றார் சடையப்பன் அவசரமாக. "வேற இன்னா கேக்கணும்? ஒண்ணும் வாணாம். கெளம்பலாம்."

சொல்லிக்கொண்டே போட்டோவைத் தொடைக்கடியில் தள்ளினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஆதிலட்சுமி அதை உருவி, உற்றுப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு போட்டோவுலயும் இதே துரைசாணிதான் கொட புடிச்சிக்கினு நிக்கிறா. பாவம், முப்பது வருசமா வூட்டுக்கே போவலியா?"