ஹார்லன் தூக்கிய இரண்டு கைகள்

நடுவர் தவறு செய்யமாட்டார்; செய்தால் அது தவறாகாது. இந்த உயரிய கோட்பாட்டின் மேல்தான் எங்கள் ஓஹையோ ஊரின், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து அரங்கம் நிற்கிறது.

அன்று எங்கள் நீர்நாய்கள் அணி ஜெயித்தால் பல வருஷம் கழித்து நாக் அவுட் சுற்று. அதுவரை தாடியை எடுப்பதில்லை என்று என் மச்சான் எல்மர் சபதம் போட்டிருந்தான். தாடி தொப்புளைத் தொட்டுவிட்டது.

"இன்னைக்கும் தோத்தா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அவனைக் கட்டிக்கொண்ட என் தங்கை டோரிஸ் வரும்போதே சொல்லிவிட்டாள்.

நாலு புள்ளி முன்னிலையில் இருந்தோம். கடைசி நொடியில் எதிரணிக்காரன் ஒருவன் கோல் கோட்டுக்கு அப்பால் பாய்ந்து பந்தைப் பிடித்தான். பந்து தரையில் பட்டுத் துள்ளியது; தரையில் பட்டால் புள்ளி கிடையாது. அரங்கமே பார்த்தது. பக்கத்தில் நின்ற ஓர நடுவர் ஹார்லன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணைத் தொறந்து பாருய்யா!" என்று எல்மர் கத்தினான். எங்கள் பக்கத்திலிருந்து பீர் டம்ளர்கள் பறந்தன. முகத்தைக் காப்பாற்ற ஹார்லன் இரண்டு கையையும் தூக்கினார்.

நடுவரின் இரண்டு கையும் உயர்ந்தால் ஆறு புள்ளி. எதிரணி கட்டிப்பிடித்துக் குதித்தது.

வீடியோ மறுபார்வை தொடங்கியது. தலைமை நடுவர் வெர்னன் திரைக்குள் தலையை நுழைத்தார். நியூயார்க்கிலிருந்து மேலதிகாரி காதுக்கருவியில் கேட்டார்:

"பந்து தெரியுதா?"

"முதுகு தெரியுது சார்."

"மெதுவா ஓட்டு."

மெதுவாக ஓட்டினார்கள். முதுகு மெதுவாகத் தெரிந்தது.

வெர்னன் திரும்பினார். "ஹார்லன், ஏன்யா கையைத் தூக்கின?"

"மூக்குக்காகத் தூக்கினேங்க."

"எதுக்காகத் தூக்கினா என்ன, தூக்கினது தூக்கினதுதானே?"

"அது வாஸ்தவம்தாங்க."

ஒலிபெருக்கி முழங்கியது: "ஐயத்துக்கு இடமற்ற ஆதாரம் கிடைக்கப்பெறாமையால், களத்தில் வழங்கிய தீர்ப்பே நிலைக்கிறது!"

"கேமரா பத்தாதுடா! இன்னும் நாப்பது வைங்கடா!" என்றான் எல்மர். நாங்களும் சேர்ந்து கத்தினோம்.

இருக்கிற கேமராவே போதுமானதாக இருந்தது. பெரிய திரையில் ஒரு டம்ளர் வந்த வழியைப் பின்னோக்கி ஓட்டினார்கள். நுரை துளித்துளியாகத் தெரிந்தது. படம் ஒரு தாடியில் வந்து நின்றது.

காவலர் வந்தார். "ஐயா, எந்திரிங்க."

"அது நான்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"தாடி சார். ஐயத்துக்கு இடமே இல்ல."

எல்மர் எங்களைத் திரும்பிப் பார்த்தான். "ஏன்டா, நான் மட்டுமாடா எறிஞ்சேன்?"

மழுமழுவென்ற முகங்களோடு நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வரிசையில் ஒருவர் கையிலும் டம்ளர் இல்லை, டோரிஸ் கையிலும்தான்.